கொழுப்பை இளக்கும் எலி நொதி: நம்பிக்கையும் எச்சரிக்கையும்

உடல் பருமன், நீரிழிவு, கல்லீரலில் கொழுப்புப் படிதல் ஆகிய மூன்றுக்கும் ஒரே மருந்தால் தீர்வு காண முடியுமா என்ற கேள்வியை 2002ஆம் ஆண்டில் சில ஆய்வுக்கூட எலிகள் எழுப்பின. கொழுப்பு நிறைந்த உணவைத் தாராளமாகத் தின்ற பிறகும் அந்த எலிகள் பருமனாகவில்லை. அவற்றின் உடலில் ஒரே ஒரு நொதி மட்டும் இல்லாதிருந்ததே அதற்குக் காரணம்.

அந்த நொதியைத் தடுக்கும் மருந்தைத் தேடி உலகின் பெரிய மருந்து நிறுவனங்கள் பலவும் களத்தில் இறங்கின. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பருமனுக்கோ நீரிழிவுக்கோ அவ்வாறான மருந்து எதுவும் மருந்துக் கடைகளுக்கு வந்து சேரவில்லை. அதற்கான விடையும் பெரும்பாலும் அதே எலிகளிடமே கிடைத்தது.

அறிவியலில் ஒரு கண்டுபிடிப்பு எப்படிப் பிறக்கிறது, எங்கே தடுமாறுகிறது, ஆய்வுக்கூடத்தில் தயாரிக்கப்படும் ஒரு புரதம் அதில் என்ன பங்கு வகிக்கிறது என்பதை இந்த நொதியின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

நொதியின் வேலை என்ன?

ஸ்டியரோயில் கோ-ஏ டிசாச்சுரேஸ் 1 என்பது இந்த நொதியின் முழுப் பெயர். ஆய்வாளர்கள் இதைச் சுருக்கமாக எஸ்.சி.டி.1 என்று அழைக்கின்றனர். எலியிலும் மனிதரிலும் இது ஏறத்தாழ ஒரே வடிவில் உள்ளது. எலியின் எஸ்.சி.டி.1 நொதி 355 அமினோ அமிலங்களால் ஆனது. மனிதருடையது 359 அமினோ அமிலங்களால் ஆனது.

இந்த நொதியின் வேலையைப் புரிந்துகொள்ள, நாம் அன்றாடம் காணும் கொழுப்புகளை நினைத்துப் பார்த்தால் போதும். ஆட்டுக் கொழுப்பு அறை வெப்பத்தில் கட்டியாக உறைந்து நிற்கிறது. ஒலிவ எண்ணெயும் கடலை எண்ணெயும் திரவமாக இருக்கின்றன. இரண்டும் கொழுப்பு அமிலங்களால் ஆனவைதாம் என்றாலும், அவற்றில் அடங்கிய அமிலங்களின் வடிவம் வேறுபடுகிறது.

ஆட்டுக் கொழுப்பில் கணிசமாக உள்ள ஸ்டியரிக் அமிலம், 18 கரிம அணுக்கள் நேராகக் கோத்த சங்கிலி. இவ்வகை அமிலங்கள் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள் எனப்படுகின்றன. நேரான குச்சிகளை நெருக்கமாக அடுக்குவது எளிது. அதேபோல இந்தச் சங்கிலிகளும் நெருங்கி அடுக்கப்பட்டு இறுகிவிடுகின்றன. தூய ஸ்டியரிக் அமிலம் உருகுவதற்குச் சுமார் 69 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. மெழுகுவர்த்தித் தயாரிப்பில் அது பயன்படுவதற்கும் இந்த உறுதியே காரணம்.

ஒலிவ எண்ணெயில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலத்திலும் அதே 18 கரிம அணுக்கள்தாம் உள்ளன. ஆனால் அந்தச் சங்கிலியின் நடுவில், 9ஆவது மற்றும் 10ஆவது அணுக்களுக்கு இடையே, ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. அந்த இடத்தில் சங்கிலி வளைந்துவிடுகிறது. வளைந்த குச்சிகளை நெருக்கமாக அடுக்க முடியாது. எனவே ஒலியிக் அமிலம் சுமார் 13 பாகையிலேயே உருகிவிடுகிறது.

முதல் வகை அமிலத்தை இரண்டாம் வகையாக மாற்றுவதே எஸ்.சி.டி.1 நொதியின் பணி. அது சங்கிலியின் நடுவிலிருந்து இரண்டு ஹைட்ரஜன் அணுக்களை நீக்கி, அங்கே ஓர் இரட்டைப் பிணைப்பை உருவாக்குகிறது. இதற்கு ஆக்சிஜனும் வேறு இரு புரதங்கள் வழியாக வந்து சேரும் எலக்ட்ரான்களும் தேவைப்படுகின்றன. நொதியின் மையத்திலுள்ள இரண்டு இரும்பு அணுக்களே இந்த வேதிவினையை நிகழ்த்துகின்றன.

வேதியியல் நோக்கில் இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் உயிரணுவைச் சூழ்ந்துள்ள சவ்வு இறுகிப் போகாமல் நெகிழ்வுடன் இருப்பதற்கு இந்த வளைந்த அமிலங்கள் இன்றியமையாதவை. உடல் தனது கொழுப்பைச் சேமித்து வைப்பதற்கும் அவை தேவை. நாம் அளவுக்கு மீறி உண்ணும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றும்போது, அந்தப் பாதையின் முக்கியமான கட்டத்தில் இந்த நொதி நிற்கிறது. இன்சுலினும் சர்க்கரையும் மிகும்போது கல்லீரலில் இந்த நொதியின் உற்பத்தியும் கூடுகிறது.

எலிகள் அளித்த நம்பிக்கை

இந்த நொதி முதலில் தூய வடிவில் பிரித்தெடுக்கப்பட்டது 1974ஆம் ஆண்டில். பிலிப் ஸ்ட்ரிட்மேட்டர் தலைமையிலான அமெரிக்க ஆய்வாளர்கள் பெரிய எலி இனத்தின் கல்லீரலிலிருந்து அதைப் பிரித்தெடுத்தனர். சிற்றெலியின் எஸ்.சி.டி.1 மரபணு 1988ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. உகாண்டாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் என்டாம்பிக்கு அதில் முதன்மைப் பங்கு உண்டு. பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அவர் இந்த நொதி பற்றிய ஆய்வைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார்.

இதற்கிடையே வேறொரு திசையிலிருந்தும் ஒரு தடயம் கிடைத்தது. தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் சரிவர வளராத, உரோமம் உதிர்ந்த ஒரு வகை எலி 1965ஆம் ஆண்டிலேயே விவரிக்கப்பட்டிருந்தது. அதற்கு அசீபியா எலி என்று பெயர். அந்த எலியின் குறைபாட்டுக்கு எஸ்.சி.டி.1 மரபணு சிதைந்திருப்பதே காரணம் என்பது 1999ஆம் ஆண்டில் தெரியவந்தது.

2002ஆம் ஆண்டில் இரண்டு முக்கிய ஆய்வுகள் வெளியாயின. என்டாம்பி குழுவினர் எஸ்.சி.டி.1 மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த உணவை அளித்தனர். அந்த எலிகள் வழக்கமான எலிகளை விட அதிகமாகவே தின்றன. ஆயினும் அவற்றின் உடலில் கொழுப்புச் சேரவில்லை. அவை ஆக்சிஜனை அதிகமாகப் பயன்படுத்தி, உண்டதை எரித்துத் தீர்த்தன. இன்சுலினுக்கு அவற்றின் உடல் நன்றாகச் செவிசாய்த்தது.

இரண்டாவது ஆய்வு நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் என்ற இயக்குநீரின் மரபணுவை 1994ஆம் ஆண்டில் கண்டறிந்த ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு அது. லெப்டின் இல்லாததால் மிகவும் பருத்துப்போகும் எலி இனத்தையும் அசீபியா எலியையும் அவர்கள் இனக்கலப்புச் செய்தனர். இரண்டு குறைபாடுகளும் ஒருங்கே அமைந்த எலிகளின் பருமன் வெகுவாகக் குறைந்திருந்தது. கல்லீரலில் படிந்திருந்த கொழுப்பும் மறைந்திருந்தது.

லெப்டின் உடலை மெலிய வைப்பதில் ஒரு பகுதி இந்த நொதியை அடக்குவதன் மூலமே நிகழ்கிறது என்று அந்தக் குழுவினர் முடிவுக்கு வந்தனர். இதையடுத்து எஸ்.சி.டி.1 மருந்து ஆய்வுலகின் முக்கிய இலக்குகளில் ஒன்றானது.

நொதியை வெளியே தயாரிப்பது

ஒரு நொதியைத் தடுக்கும் மருந்தைக் கண்டறிய வேண்டுமானால், அந்த நொதி தூய வடிவில், போதிய அளவில் கையில் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான வேதிப்பொருட்களை அதனுடன் சேர்த்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். இத்தனை சோதனைகளுக்கும் வேண்டிய நொதியை எலிகளின் கல்லீரலிலிருந்து திரட்டுவது கடினம். அதிலும் எஸ்.சி.டி.1 உயிரணுவுக்குள்ளேயே சில மணி நேரங்களில் சிதைந்துவிடும் தன்மை கொண்டது.

இதற்குத் தீர்வு தருவதுதான் மரபணு மறுசேர்க்கை முறை. ஒரு புரதத்துக்கான மரபணுவைப் பிரதியெடுத்து, எளிதில் வளர்க்கக்கூடிய வேறோர் உயிரணுவுக்குள் புகுத்தினால், அந்த உயிரணு தனக்குத் தேவையற்ற அந்தப் புரதத்தைத் தயாரிக்கத் தொடங்குகிறது. நீரிழிவு நோயாளிகளுக்குத் தரப்படும் மனித இன்சுலினும் இவ்வாறே உருவாக்கப்படுகிறது. பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கப்பட்ட மனித இன்சுலினுக்கு அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தது.

மனிதருக்கான மருந்தைத் தேடும்போது எலியின் நொதி எதற்கு என்று கேட்கலாம். எந்த மருந்தும் மனிதரிடம் சோதிக்கப்படும் முன்னர் விலங்குகளில் சோதிக்கப்பட வேண்டும். ஒரு வேதிப்பொருள் எலிக்கு உதவவில்லை என்றால், நொதியைத் தடுத்தும் பயனில்லையா அல்லது எலியின் நொதியை அது தடுக்கவே இல்லையா என்பதை அறிந்தாக வேண்டும். எலியின் நொதியைத் தனியாக வைத்துச் சோதித்தால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

ஆனால் இன்சுலினைப் போல இந்த நொதி எளிதில் கைக்கு வரவில்லை. இன்சுலின் நீரில் கரையும் சிறிய புரதம். எஸ்.சி.டி.1 நொதியோ உயிரணுவுக்குள் இருக்கும் எண்டோபிளாச வலையின் சவ்வில் புதைந்திருப்பது. சவ்வை விட்டு வெளியே எடுத்தால் அதன் உருவம் குலைந்துவிடும் அபாயம் உண்டு.

இரும்புக்குப் பதில் துத்தநாகம்

2015ஆம் ஆண்டில் இதில் ஒரு முன்னேற்றம் ஏற்பட்டது. அமெரிக்காவின் பெய்லர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மிங் ஜோ குழுவினர், மறுசேர்க்கை முறையில் தயாரித்த எலி எஸ்.சி.டி.1 நொதியைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்கள் மூலம் அதன் முப்பரிமாண வடிவத்தைக் கண்டறிந்தனர். அதே ஆண்டில் மனித நொதியின் வடிவத்தை வேறொரு குழு வெளியிட்டது.

எலி நொதியின் வடிவம் 2.6 ஆங்ஸ்ட்ராம் துல்லியத்தில் தெரிந்தது. ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரின் ஒரு கோடியில் ஒரு பங்கு. சவ்வைக் குறுக்கே துளைத்து நிற்கும் நான்கு தூண்களும், அவற்றின் மேல் ஒரு தொப்பியும் போன்ற அமைப்பு அதில் காணப்பட்டது. தொப்பிக்குள் வளைந்த ஒரு சுரங்கப் பாதை இருந்தது. கொழுப்பு அமிலச் சங்கிலி அதனுள் நுழையும்போது, சுரங்கத்தின் வளைவுக்கு ஏற்ப அதுவும் வளைகிறது. அந்த வளைவுக்கு நேராகவே உலோக அணுக்கள் அமைந்துள்ளன.

இந்த நொதி ஒவ்வொரு முறையும் பிசகாமல் 9ஆவது, 10ஆவது அணுக்களுக்கு இடையிலேயே எவ்வாறு இரட்டைப் பிணைப்பை உருவாக்குகிறது என்ற நீண்டகாலக் கேள்விக்கு இவ்வாறு விடை கிடைத்தது.

ஆனால் அந்தப் படிகங்களில் ஒரு சிக்கலும் இருந்தது. நொதியின் மையத்தில் இரும்பு அணுக்கள் இருக்க வேண்டிய இடத்தில் துத்தநாக அணுக்கள் அமர்ந்திருந்தன. எலி நொதி, மனித நொதி இரண்டிலும் இதே நிலைதான். அந்நிய உயிரணுக்களில் புரதம் பெருமளவில் உற்பத்தியானபோது, இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் உள்ளே புகுந்துவிட்டது. உருவம் சரியாக இருந்தாலும் அந்த நொதிகளால் வேலை செய்ய இயலவில்லை.

2020ஆம் ஆண்டில் மிங் ஜோ குழுவினர் இதற்கும் வழி கண்டனர். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் மனித உயிரணுக்களில் புரதத்தைத் தயாரிக்கும்போதே இரும்பு அதனுள் சேரும்படி செய்யும் முறை ஒன்றை அவர்கள் உருவாக்கினர். அவ்வாறு கிடைத்த எலி நொதியில் இரண்டு இரும்பு அணுக்களும் உரிய இடத்தில் இருந்தன. அதற்கு எலக்ட்ரான்களை வழங்கும் இரு துணைப் புரதங்களையும் சேர்த்தபோது, நொதி வேலை செய்யத் தொடங்கியது.

மறுசேர்க்கை முறையில் தயாரிக்கப்படும் புரதங்கள் பற்றிய ஒரு பொதுவான எச்சரிக்கையும் இதில் அடங்கியுள்ளது. பெயரும் அமினோ அமில வரிசையும் ஒன்றாக இருப்பதாலேயே, அந்தப் புரதம் உடலில் உள்ளதைப் போலவே இயங்கும் என்று கொள்ள முடியாது.

மெலிவுக்கு உண்மையான காரணம் என்ன?

நொதியின் வடிவம் பற்றிய ஆய்வுகளுக்கு முன்னரே, எலிகள் மெலிந்ததன் காரணம் குறித்துக் கேள்விகள் எழுந்திருந்தன. மரபணு நீக்கப்பட்ட எலிகளின் தோல் வறண்டு, உரோமம் உதிர்ந்தது. இமையோரச் சுரப்பிகள் சுருங்கியதால் கண்களைக் காக்கும் எண்ணெய்ப் படலம் குறைந்தது. 2004ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, குளிர்ச் சூழலில் வைக்கப்பட்டபோது இந்த எலிகளால் உடல் வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியவில்லை என்று காட்டியது.

எந்த உறுப்பில் இந்த நொதி இல்லாதபோது எலி மெலிகிறது என்பதை அறிய, ஆய்வாளர்கள் ஒவ்வோர் உறுப்பிலும் தனித்தனியாக அதை நீக்கிப் பார்த்தனர். 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், கல்லீரலில் மட்டும் நொதி நீக்கப்பட்ட எலிகள் சர்க்கரை மிகுந்த உணவால் ஏற்படும் பருமனிலிருந்து தப்பின. ஆனால் கொழுப்பு மிகுந்த உணவு தரப்பட்டபோது அவையும் பருத்தன.

2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு அதைவிட வியப்பளித்தது. தோலில் மட்டும் நொதி நீக்கப்பட்ட எலிகள் கொழுப்பு மிகுந்த உணவைத் தின்றும் பருமனாகவில்லை. அதாவது, 2002ஆம் ஆண்டில் உலகைக் கவர்ந்த அந்த மெலிவின் பெரும்பகுதிக்குத் தோலே காரணமாக இருந்திருக்கக் கூடும். எண்ணெய்ப் பூச்சை இழந்த தோல் வழியாக உடல் வெப்பம் வெளியேற, அதை ஈடுசெய்ய எலி தான் உண்டதை எரித்துத் தீர்த்தது என்பதே இதற்குத் தரப்படும் முக்கிய விளக்கம்.

இந்த விளக்கம் மனிதருக்கு முக்கியமானது. சிற்றெலியின் உடல் மிகச் சிறியது. எடையுடன் ஒப்பிடுகையில் அதன் தோல் பரப்பு மிகப் பெரியது. எலிக்கு இதமான வெப்பநிலை சுமார் 30 பாகை. ஆய்வுக்கூடங்களோ பெரும்பாலும் 20 முதல் 24 பாகை வரையிலான வெப்பநிலையில், அங்கு பணியாற்றும் மனிதரின் வசதிக்கேற்பப் பராமரிக்கப்படுகின்றன. அங்கே வாழும் எலி, உடலைச் சூடாக வைத்திருக்கவே பெரும் ஆற்றலைச் செலவிடுகிறது. பெரிய உடலும் ஆடையும் கொண்ட மனிதருக்கு அதே அளவு மெலிவு ஏற்படும் என்று எதிர்பார்க்க இயலாது.

மருந்துகளின் நிலை

நொதியைத் தடுக்கும் பல வேதிப்பொருட்கள் உருவாக்கப்பட்டன. ஆனால் மரபணு நீக்கப்பட்ட எலிகளில் கண்ட அதே தோல், கண் பாதிப்புகள் மருந்து தரப்பட்ட விலங்குகளிலும் தோன்றின. இதைத் தவிர்க்க, கல்லீரலை மட்டும் சென்றடையும் மருந்துகளை உருவாக்கும் முயற்சியில் மெர்க் போன்ற நிறுவனங்கள் ஈடுபட்டன.

கவலை தரும் வேறொரு தகவலும் வந்தது. இரத்தக் கொழுப்பு மிகும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளில் எஸ்.சி.டி.1 உற்பத்தியை அடக்கியபோது, அவை பருமனிலிருந்து தப்பினாலும், அவற்றின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் கொழுப்புப் படிவு மோசமானது என்று 2008ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தெரிவித்தது. நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களை மாற்றும் வழி அடைபடும்போது, அவை உடலில் தேங்கி அழற்சியைத் தூண்டக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

மனிதரிடம் விரிவாகச் சோதிக்கப்பட்டவற்றுள் குறிப்பிடத்தக்கது, இஸ்ரேலின் கால்மெட் நிறுவனம் உருவாக்கிய அராம்கோல் என்ற மருந்து. இது கல்லீரலில் எஸ்.சி.டி.1 அளவைக் குறைக்கிறது. கொழுப்பு படிந்து அழற்சியுற்ற கல்லீரலைக் கொண்ட 247 நோயாளிகளிடம் 52 வாரங்கள் நடந்த சோதனையின் முடிவுகள் 2021ஆம் ஆண்டில் வெளியாயின. மருந்தைப் பெரும்பாலான நோயாளிகளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. சில நல்ல அறிகுறிகளும் தென்பட்டன. ஆனால் கல்லீரல் கொழுப்பைக் குறைப்பது என்ற முதன்மை இலக்கைப் புள்ளியியல் ரீதியாக எட்ட இயலவில்லை.

இந்நோய்க்கு அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வந்தது. ரெஸ்மெடிரோம் என்ற அந்த மருந்து, தைராய்டு இயக்குநீரின் வழியில் செயல்படுவது. எஸ்.சி.டி.1 பாதையைச் சேர்ந்ததல்ல.

தெற்காசியர்களும் ஒரு பழைய மரமும்

தெற்காசிய வம்சாவளியினரைப் பொறுத்தவரை இத்தகைய ஆய்வுகளுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. ஐரோப்பியருடன் ஒப்பிடுகையில், குறைந்த உடல் எடையிலேயே நீரிழிவும் கல்லீரல் கொழுப்பும் அவர்களைத் தாக்கும் வாய்ப்பு அதிகம். இதைக் கருத்தில் கொண்டே, ஆசிய மக்களுக்கு உடல் நிறை குறியீடு 23ஐத் தாண்டும்போதே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

இந்த நொதியைத் தடுக்கும் இயற்கைப் பொருள் ஒன்றும் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளரும் ஒரு மரத்தில் இருக்கிறது. ஸ்டெர்குலியா ஃபோட்டிடா என்பது அதன் தாவரவியல் பெயர். பூக்கும் காலத்தில் துர்நாற்றம் வீசும் இம்மரத்தின் விதை எண்ணெயில் ஸ்டெர்குலிக் அமிலம் மிகுந்துள்ளது. இதே வகை அமிலங்கள் பருத்தி விதையிலும் சிறிதளவு உண்டு. பருத்தி விதையை மிகுதியாகத் தின்ற கோழிகளின் முட்டையில், வெள்ளைக் கரு இளஞ்சிவப்பாக மாறுவதும் மஞ்சள் கரு இறுகுவதும் கோழி வளர்ப்போர் நெடுங்காலமாக அறிந்தவை. கோழியின் உடலில் இந்த நொதி முடங்கி, கொழுப்பு இளகாமல் போவதே மஞ்சள் கரு இறுகுவதற்குக் காரணம்.

ஆனால், இயற்கையில் கிடைக்கிறது என்பதால் இத்தகைய எண்ணெயை மருந்தாக உட்கொள்வது பாதுகாப்பானது என்று கருதிவிடக் கூடாது. ஆய்வுக்கூட எலிகளின் தோலிலும் கண்ணிலும் இரத்தக் குழாய்களிலும் கண்ட விளைவுகள் இங்கும் நினைவில் கொள்ளத்தக்கவை.

எஞ்சும் பாடம்

எஸ்.சி.டி.1 பற்றிய ஆர்வம் இன்னும் அடங்கவில்லை. வேகமாகப் பெருகும் புற்றுநோய் உயிரணுக்கள் தங்கள் சவ்வுகளைக் கட்டுவதற்கு வளைந்த கொழுப்பு அமிலங்களைப் பெருமளவில் நாடுகின்றன. எனவே அவற்றை ஒடுக்க இந்த நொதியைத் தடுக்கலாமா என்ற ஆய்வுகளும் நடைபெற்று வருகின்றன. நொதியின் வடிவம் துல்லியமாகத் தெரிந்திருப்பது அந்த முயற்சிகளுக்குத் துணைபுரியும்.

எனினும், கொழுப்பை உருவாக்கும் ஒரு நொதியை முடக்கினால் பருமன் நீங்கிவிடும் என்ற எளிய கணக்கு தவறாகிவிட்டது. கல்லீரலில் கொழுப்பைச் சேர்க்கும் அதே நொதிதான் தோலை வறளாமலும் கண்ணை உலராமலும் காக்கிறது. அது எங்கே, எந்த அளவில், எத்தனை காலத்துக்கு அடக்கப்பட வேண்டும் என்பதே இன்று ஆய்வாளர்கள் முன்னுள்ள கேள்வி.

எலிகள் மெலிந்தன என்ற செய்தி அடுத்த முறை வரும்போது, அவை ஏன் மெலிந்தன என்பதையும், அதற்கு அவை என்ன விலை கொடுத்தன என்பதையும் சேர்த்துக் கேட்பது அவசியம் என்பதை இந்த நொதியின் வரலாறு உணர்த்துகிறது.